படத்துக்குப் பதில் படம்

குழந்தைகள் வரையும் படங்களை நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதால் மனிதநேயம் வளருமா என்பது இன்றைய பொருள். வளரும் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். குழந்தை, ஓவியம், சமாதானம் மூன்றும் ஒரே மேடையில் ஏறிவிட்டால் எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வராது. அதனாலேயே இந்த விஷயத்தில் நாம் யோசிப்பதை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படம் எல்லை தாண்டிப் போவதால் மட்டும் நல்லெண்ணம் பிறப்பதில்லை. போன படத்தை அந்தப் பக்கம் இன்னொரு குழந்தை பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பதிலுக்கு ஒன்று வரைய வேண்டும். அது முதல் குழந்தையின் கைக்கு வந்து சேர வேண்டும். நாம் இந்த நாட்டில் எழுபது எண்பது ஆண்டுகளாகச் சிறப்பாகச் செய்துவருவது இதில் முதல் படியை மட்டுமே.

1949-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலகப் போர் முடிந்து நான்கு ஆண்டுகள். அந்த ஒரே ஆண்டில் நம் பொருளோடு ஒட்டிய நான்கு காரியங்கள் நடந்தன. செக்கோஸ்லோவாக்கியாவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, போரில் சிதைந்த தன் ஊருக்கு வந்த உதவிக்கு நன்றியாக வரைந்த படம் யூனிசெஃப்பின் முதல் வாழ்த்து அட்டையாயிற்று. பாரிசில் நடந்த சமாதான மாநாட்டுச் சுவரொட்டிக்குப் பிகாசோவின் புறா வந்து உட்கார்ந்தது. போர்க்காலத்தில் யானைகளைப் பட்டினி போட்டுச் சாகவிட்ட டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சிச் சாலைக்கு, ஜப்பானியக் குழந்தைகள் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதிக் கேட்டதற்கு இணங்கி, நேரு 'இந்திரா' என்ற யானையைக் கப்பலேற்றினார். தில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் தம் வார இதழின் சார்பில் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியைத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் சங்கர்ஸ் வீக்லியின் சிறுவர் இதழுக்காக நேரு எழுதிய கடிதத்திலேயே அந்த யானைக் கதை வருகிறது. பெரியவர்கள் உலகத்தைக் கெடுத்துவிட்டோம், குழந்தைகளை வைத்து ஒட்டுப்போடலாம் என்ற எண்ணம் அன்று பல தலைகளில் ஒரே சமயத்தில் உதித்திருக்கிறது.

இதில் சங்கருக்கும் நம் மும்பைக்கும் உறவு உண்டு. 1902-ல் காயங்குளத்தில் பிறந்த அவர் சட்டம் படிக்கப் பம்பாய்க்கு வந்தவர். படிப்பு முடியவில்லை, ஃப்ரீ பிரஸ் ஜர்னலிலும் பாம்பே கிரானிக்கிளிலும் வெளிவந்த கேலிச்சித்திரங்கள்தான் அவரை அடையாளம் காட்டின. 1932-ல் ஹிந்துஸ்தான் டைம்ஸ் ஆசிரியர் போத்தன் ஜோசப் அவரைத் தில்லிக்கு அழைத்துக்கொண்டார். நமக்குள்ளேயே சுற்றட்டும் என்று தொடங்கிய போட்டியை அடுத்த ஆண்டே உலகக் குழந்தைகளுக்குத் திறந்துவிட்டார் சங்கர். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அதற்குப் படங்கள் வருகின்றன. 1957-ல் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், 1965-ல் சர்வதேசப் பொம்மைகள் அருங்காட்சியகம் என்று அதன் கிளைகள் படர்ந்தன. பொம்மைகளையும் குழந்தை ஓவியங்களையும் சேர்த்துப் பல ஊர்களில் கண்காட்சி வைத்தவர் அவர். 1975-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், வார இதழ் நின்றுபோனது, போட்டி நிற்கவில்லை. இரண்டாண்டு கழித்து, போலந்தில் குழந்தைகளின் பரிந்துரைப்படி வழங்கப்படும் 'புன்னகை விருது' அவருக்குக் கிடைத்தது. அரசு கொடுத்த மூன்று பத்ம விருதுகளைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. அயல்நாட்டுக் குழந்தைகளிடமிருந்து அவருக்கு வந்த பதில் அது.

இவ்வளவு சொன்ன பிறகு அந்தப் போட்டியைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். படங்கள் தில்லிக்கு வருகின்றன. நடுவர்கள் பார்க்கிறார்கள். சிலவற்றுக்குப் பதக்கம், சில ஆண்டு மலரில் அச்சாகின்றன. பல்கேரியாவில் ஒரு பையன் வரைந்த மீன் சந்தையை மதுரையில் எந்தப் பிள்ளையாவது பார்த்தாளா, பார்த்து என்ன நினைத்தாள் என்று அந்தப் பையனுக்குத் தெரிய வழி கிடையாது. நாஜிகள் 1942-ல் அழித்த செக் கிராமம் லிடிட்சே. அங்கிருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட 82 குழந்தைகளின் நினைவாக 1967 முதல் நடக்கும் ஓவியக் கண்காட்சிக்கும் இதே அமைப்புத்தான். அங்கே நம் பிள்ளைகள் பலர் பரிசு வாங்கியிருக்கிறார்கள். அது யாருடைய நினைவுக்கான கண்காட்சி என்று பரிசு வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தோம் என்பதை ஆசிரியர்கள் தங்களுக்குள் கேட்டுப் பார்க்கலாம். போட்டியில் குழந்தை நடுவரைப் பார்த்து வரைகிறது; இன்னொரு குழந்தையைப் பார்த்து வரைவதில்லை.

அதன் விளைவும் கண்ணுக்குத் தெரிகிறது. 'உலக சமாதானம்' என்று தலைப்புக் கொடுத்தால் நம் பிள்ளைகளின் சார்ட் பேப்பரில் ஓர் உலக உருண்டை, இரண்டு கைகுலுக்கும் கைகள், ஒரு வெள்ளைப் புறா. பிகாசோவின் புறா அவருக்குப் பழக்கமானது. அவர் தந்தையே புறா வரைந்த ஓவியர். மும்பைக் குழந்தைக்குத் தெரிந்த புறா ஜன்னல் கிரில்லில் அசுத்தம் செய்யும் சாம்பல் நிறப் புறா. அதை வரைந்தால் நடுவர் மதிப்பெண் போடமாட்டார் என்று எட்டு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. இயற்கைக்காட்சி என்றால் இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை. தொண்ணூறு அடிச் சாலையில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடும் பெண்களைப் பார்த்து வளரும் தாராவிப் பிள்ளையும் அந்தக் குடிசையைத்தான் வரைகிறது. நம் மாநிலத்தின் எலிமெண்டரி, இன்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளை நான் மதிக்கிறேன். பொருளைப் பார்த்து வரைதல், நினைவிலிருந்து வரைதல், வடிவியல் என்று கைக்குப் பயிற்சி தருபவை அவை. ஆனால் பத்தாம் வகுப்பில் அவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு என்றான பிறகு, டிராயிங் கிளாஸ் என்பதும் இன்னொரு டியூஷனாகிவிட்டது. இப்படி வரைந்த படத்தை எந்த நாட்டுக்கு அனுப்பினாலும், பார்க்கிற குழந்தைக்கு இங்கே ஒரு குழந்தை இருக்கிறது என்று தெரியப்போவதில்லை.

பதில் வந்த ஒரு கதையைச் சொல்கிறேன், சற்று விரிவாகவே. ஹிரோஷிமாவில் ஹொன்காவா தொடக்கப் பள்ளி, அணுகுண்டு வெடித்த புள்ளியிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் இருந்தது. ஏறத்தாழ நானூறு மாணவர்களும் ஆசிரியர்களும் அன்று இறந்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் வாஷிங்டனில் ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி, அணுகுண்டுப் புகை வடிவில் செய்த கேக்கை வெட்டும் புகைப்படம் செய்தித்தாளில் வந்தது. அந்நகரின் ஆல் சோல்ஸ் தேவாலயப் போதகர் ஏ. பவல் டேவிஸ் அதைக் கண்டித்துக் கடுமையாகப் பிரசங்கம் செய்தார். அந்தச் செய்தி, ஜப்பானில் பணியாற்றிய ஓர் அமெரிக்கக் கல்வி அதிகாரியின் கண்ணில் பட்டது. இங்கே பள்ளிக் குழந்தைகளுக்குப் பென்சில்கூட இல்லை, உங்கள் சபைக் குழந்தைகள் ஏதாவது அனுப்பலாமே என்று அவர் போதகருக்கு எழுதினார். தேவாலயக் குழந்தைகள் பென்சில், கிரேயான், தாள், பசை என்று சுமார் அரை டன் பொருள்களைச் சேர்த்து அனுப்பினார்கள். ஹொன்காவாப் பிள்ளைகள் அதே கிரேயான்களால் படம் வரைந்து வாஷிங்டனுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தப் படங்களில் குண்டு இல்லை, புறாவும் இல்லை. பூத்த செர்ரி மரங்கள், விளையாடும் பிள்ளைகள், பளிச்சென்ற நிறங்கள். தங்களை அழித்த நாட்டின் குழந்தைகளுக்கு அவர்கள் காட்ட விரும்பியது தங்கள் துயரத்தை அல்ல. தாங்கள் இன்னும் குழந்தைகளாக இருக்கிறோம் என்பதை. துயரத்தை வரைந்து அனுப்பியிருந்தால் அமெரிக்கக் குழந்தைகள் இரக்கப்பட்டிருப்பார்கள். விளையாட்டை வரைந்ததால் அவர்கள் சமமாகப் பார்க்க நேர்ந்தது. தேவாலயத்தில் பல பத்தாண்டுகள் கிடந்த படங்களைப் பிற்காலத்தில் கண்டெடுத்துப் பழுதுபார்த்து, 2010-ல் ஹிரோஷிமாவுக்கே கொண்டுபோய் அதே பள்ளியில் காட்சிக்கு வைத்தார்கள். வரைந்தவர்களில் சிலர் முதியவர்களாக வந்து தங்கள் படங்களைப் பார்த்தார்கள். பெயர் எழுதப்பட்டிருந்ததால்தான் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. தெரேசின் யூதர் முகாமில் குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸும் ஒவ்வொரு படத்திலும் பெயர் எழுதச் சொன்னவர். 1944-ல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்படும் முன் இரண்டு பெட்டிகளில் அவர் விட்டுச்சென்ற ஏறக்குறைய 4,500 படங்கள் இன்று பிராகில் இருக்கின்றன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. யார் வரைந்தது என்பது மட்டும் தெரியும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இதெல்லாம் போர்களை நிறுத்தியதா? இல்லை. அதை நேராக ஒப்புக்கொள்வதுதான் மரியாதை. இதற்கு நல்ல சாட்சி 1927-ன் பொம்மைகள். ஜப்பானியர் குடியேற்றத்தை அடியோடு தடுக்கும் சட்டத்தை 1924-ல் அமெரிக்கா கொண்டுவந்தது. இரு நாட்டு உறவு கசந்தது. முன்பு ஜப்பானில் பணியாற்றிய பாதிரியார் சிட்னி குலிக், அமெரிக்கக் குழந்தைகளிடம் சேர்த்து 12,739 பொம்மைகளை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அனுப்பினார். மார்ச் மாதத்துப் பொம்மைத் திருநாளுக்கு அவை போய்ச் சேர்ந்தன. தொழிலதிபர் ஷிபுசாவா எயிச்சி முன்னின்று வரவேற்றார். குழந்தைகள் காசு போட்டு 58 பெரிய ஜப்பானியப் பொம்மைகளைப் பதிலாக அனுப்பினார்கள். பதினான்கு ஆண்டுகளில் பேர்ல் ஹார்பர். 1943-ல் எதிரி நாட்டுப் பொம்மைகளை அழிக்கும்படி உத்தரவு பிறந்து, நீலக்கண் பொம்மைகளைக் கொளுத்தினார்கள், மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள். ஆகவே இந்த முயற்சி தோற்றது என்று பலரும் முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாவது, பொம்மைகள் எந்தச் சட்டத்தின் காயத்தை ஆற்ற அனுப்பப்பட்டனவோ அந்தச் சட்டம் மாறவில்லை. பெரியவர்கள் செய்த அநீதியை அப்படியே வைத்துக்கொண்டு குழந்தைகளைச் சமாதானத் தூதர்களாக அனுப்பினால், அந்த அநீதிக்குச் சாயம் பூசுகிற வேலைதான் அவர்களுக்குக் கிடைக்கும். தோற்றது பெரியவர்களின் அரசியல். பழி பொம்மைகளின் மேல் விழுந்தது. இரண்டாவது, ஏறக்குறைய முந்நூறு பொம்மைகள் இன்றும் இருக்கின்றன. உத்தரவை மீறி, பள்ளிப் பரணிலும் அலமாரிக்குப் பின்னாலும் அவற்றை ஒளித்துவைத்த ஆசிரியர்கள் இருந்ததால் இருக்கின்றன. அக்காலத்தில் அது விளையாட்டுக் காரியமல்ல. நல்லெண்ணம் என்று நாம் சொல்வதன் அளவு எப்போதும் இவ்வளவுதான். நூற்றுக்கு இரண்டு மூன்று பேர், கொளுத்தச் சொன்னபோது கொளுத்தாமல் இருந்தார்கள். அது சிறிதா பெரிதா என்பதை அவரவர் தீர்மானிக்கட்டும். நான் பெரிது என்பேன்.

இரண்டாவது மறுப்பு நம் ஊரிலிருந்தே வரும். கழிப்பறைக்கு வரிசையில் நிற்கிற தாராவிப் பிள்ளைக்கு ஓவியப் பரிமாற்றம் எதற்கு, முதலில் தண்ணீரும் இடமும் கொடுங்கள் என்பார்கள். தண்ணீர் கேட்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தாராவியைப் பற்றி வெளிநாட்டுக்குப் போகிற படங்களெல்லாம் வெளியாள் எடுத்த புகைப்படங்கள். அவற்றில் சாக்கடையும் தகரக் கூரையும் தவறாமல் இருக்கும். அந்த இடத்துப் பிள்ளையே வரைந்தால் மாடிப்படியும், கும்பார்வாடாவின் சூளைப் புகையும், கிரிக்கெட்டும், அம்மாவின் தையல் மிஷினும் வரும். உதவி கேட்கிற படம் நன்கொடை கொண்டுவரும், நட்புக் கொண்டுவராது. யூனிசெஃப் அட்டைகள் பல கோடி குழந்தைகளுக்கு உதவின என்பதில் சந்தேகமில்லை. அவை நிதி திரட்டும் வழி. நான் பேசுவது வேறு வேலையைப் பற்றி. அதற்குப் பணக்காரப் பள்ளியும் ஏழைப் பள்ளியும் ஒரே அளவு தாளில் வரைந்தால் போதும்.

தமிழர்களுக்கு மிக அருகிலிருக்கும் சான்று இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கிறது. 1996-ல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி அருட்தந்தை பால் சற்குணநாயகமும் அங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். பக்கத்துப் பக்கத்துத் தமிழ், முஸ்லிம் கிராமங்களின் குழந்தைகள் ஒரே பேருந்தில் ஏறி வாராவாரம் வந்தார்கள். வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். அங்கே நாட்டு எல்லை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் அடுத்த ஊர் அயல்நாட்டைவிடத் தூரமாகத்தான் இருந்தது. ஒரு நாள் விழா வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடாமல், அதே பிள்ளைகள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள் என்பதே அதன் பலம். பதிலுக்குப் பதில் என்று தொடர்ந்தால்தான் எதிரில் இருப்பவன் ஒரு சமூகத்தின் பெயராக இல்லாமல் ஒரு பையனாகத் தெரியத் தொடங்குகிறான்.

நம் மும்பையும் இதைச் செய்து பார்த்திருக்கிறது. பாகிஸ்தானின் சிட்டிசன்ஸ் ஆர்க்கைவும் தில்லியின் ரூட்ஸ் டூ ரூட்ஸ் அமைப்பும் 2010-ல் தொடங்கிய கடிதப் பரிமாற்றத் திட்டத்தில் கராச்சி, லாகூர் பள்ளிகளோடு மும்பைப் பள்ளிகளும் சேர்ந்தன. 2008 நவம்பர் தாக்குதல் நடந்து சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தின் குண்டுத் தழும்புகள் எல்லோருக்கும் பச்சையாக நினைவிருந்த காலம் அது. அப்போது ஒரு மும்பைப் பள்ளி தன் பிள்ளைகளைக் கராச்சிக்குக் கடிதம் எழுத அனுமதித்தது என்றால், அந்தப் பெற்றோர்களின் துணிவை நாம் போதிய அளவு பாராட்டவில்லை. ஆகாஸ்-இ-தோஸ்தி என்ற குழு இரு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்களைக் கொண்டு சமாதான நாட்காட்டி வெளியிட்டு வந்தது. பிறகு அஞ்சலே தடைபட்டது. 2019 ஆகஸ்டில் பாகிஸ்தான் இந்தியாவுடன் தபால் பரிமாற்றத்தை நிறுத்தி, சில மாதம் கழித்துக் கடிதங்களை மட்டும் அனுமதித்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின், 2025 மே 3 அன்று, பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாக் கடிதங்களையும் பார்சல்களையும் இந்தியா நிறுத்திவைத்தது. அரசுகளுக்கு அதற்கான காரணங்கள் இருக்கும். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இந்த மேடை வேண்டாம். ஆனால் ஓவியப் பரிமாற்றம் எதன் மேல் நிற்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது. ஓவியத் திறமையும் தலைப்பும் இரண்டாம் பட்சம். போகவும் வரவும் தபால் வேண்டும்.

கைப்பேசியில் படமெடுத்து நொடியில் அனுப்பலாமே, தபால் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். வழி அடைபட்ட இடத்துக்கு அப்படித்தான் அனுப்ப வேண்டும். மற்ற இடத்துக்குத் தாளே நல்லது. திரையில் வந்த படத்தைக் குழந்தை விரலால் தள்ளிவிடும். கிரேயான் மெழுகு ஒட்டிய தாளைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்கும், பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும். காத்திருக்கவும் பழகும். பாதுகாப்புப் பற்றிய கவலை நியாயமானது: பெயரும் வயதும் போதும், முகவரி பள்ளியின் முகவரியாக இருக்கட்டும்.

நம் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு, ஒரு குறையும் உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு வெளியே, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. மட்டக்களப்புப் பிள்ளைக்கோ யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கோ கடிதம் எழுது என்றால் தயங்குவார்கள். படம் வரை என்றால் வரைவார்கள். பதிலில் நான்கு வரி தமிழ் வந்தால் அதைப் படிக்கவாவது பாட்டியிடம் போவார்கள். தமிழ் வகுப்பு நடத்தும் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே இங்கே இருக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் டிராயிங் டீச்சர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் உங்கள் பள்ளியில் நடக்கும் ஓவியப் போட்டிகளில் ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பரிசுப் பணத்தைத் தபால் செலவுக்கு வைத்துக்கொண்டு, இலங்கையிலோ நேபாளத்திலோ ஜப்பானிலோ ஒரே ஒரு வகுப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். தலைப்புக் கொடுக்காதீர்கள், பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னால் போதும். நன்றாக வரைந்தது, வரையாதது என்று பிரிக்காமல் வகுப்பு முழுவதன் படங்களையும் அனுப்புங்கள். பதில் வந்த பிறகு அதற்கும் பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு பள்ளிக்கு எழுதுங்கள்.